துரை கேட்ட விதம்

முப்பது வயதுத் தம்பியை அக்கா துரை என்றே அழைப்பாள். தன் வேலைக்குப் பிறரை ஏவுகிறவனுக்கு வேறென்ன பட்டம் பொருந்தும்? பேச்சு வராதவன், எதையும் மெதுவாகக் கற்பான், கற்றதை லேசில் விடமாட்டான்.

பகல்நேரப் பராமரிப்பு மையத்தில் அவன் அருகே அவள் இருப்புக்கொள்ளாமல் அமர்ந்திருந்தாள். இன்றும் எதையாவது எறிந்தால் நாளையிலிருந்து வரவேண்டாம் என்று மேலாளர் கறாராகச் சொல்லிவிட்டார். அவன் வீட்டோடு இருந்தால் அவள் தையற்கூடத்துக்குப் போக முடியாது. போகாவிட்டால் இருவர் வயிற்றிலும் ஈரத்துணிதான்.

எறிவான் என்று அஞ்சி, அவன் மடிக்க வேண்டிய அட்டைகளையும் பசை டப்பாவையும் அலமாரியில் பூட்டியிருந்தார்கள். வேலையைப் பறித்துவிட்டு ஒழுங்காக இரு என்பது எந்த ஊர் நியாயம்? அவன் விரல்கள் வெறும் பலகையைத் தட்டின. உடல் முன்னும் பின்னும் ஆடியது. கண்கள் கதவையே சுற்றின.

"துரை, சமத்தா இருடா," என்று அவள் குனிந்தாள். மறுகணம் அவளுடைய மூக்குக்கண்ணாடி பறந்து சுவரில் மோதியது.

"ஐயோ ராசா! வாங்க, வெளியே போகலாம்." உதவியாளர் ஓடி வந்தார். எறிந்ததும் தோட்டத்துக்கு அழைத்துப்போய் ஆற்றுவது அங்கே வழக்கம். செருப்பை மாட்டிக்கொண்ட துரையின் முகத்தில் அப்படியொரு நிறைவு!

மேலாளர் உதட்டைப் பிதுக்கினார். "பாத்தீங்களாம்மா?"

"பாத்தேன் சார். எறிஞ்சாத்தான் கதவு திறக்குது. மத்த நேரம் திறந்திருக்கா?"

"அப்போ நாங்கதான் கெடுத்தோம்ங்கறீங்க?"

"நானும்தான். வீட்டுல தட்டு உடைஞ்சா உடனே தெருவுக்குக் கூட்டிட்டுப் போவேன். கேக்க வேற வழி கத்துக் குடுத்தோமா?"

துரை தோட்டத்திலிருந்து திரும்பியதும் அவள் செருப்பை அவன் கையில் வைத்து, தன் கையை நீட்டினாள். அவன் கொடுத்த கணமே கதவைத் திறந்தாள். உள்ளே வந்ததும் மறுபடியும் அதே. மறுபடியும். மேலாளர் கொட்டாவி விட்டார்.

"போதும்மா. முடிவைப் பேசிடுவோம்." தன் மேசைக்கு அழைத்தார். துரையும் செருப்பைக் கட்டிப் பிடித்தபடி வந்து அமர்ந்தான்.

பேச்சு நீண்டது. துரை ஆடத் தொடங்கினான். அவன் கை மேலாளரின் செல்போனை எடுத்தது. கை அந்தரத்தில் தயங்கியது. பிறகு போனைக் கீழே வைத்துவிட்டு, ஒற்றைச் செருப்பை எடுத்து மேலாளரின் முன்னே படாரென்று வைத்தது.

"செருப்பா? என் மேசையிலயா?"

"எறியல சார், வச்சிருக்காரு!" உதவியாளர் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டார்.

"சீக்கிரம் திறங்க சார்," அக்கா பதறினாள். "அந்தக் கை மறுபடியும் போனுக்குப் போயிடப் போகுது!"

மேலாளர் செருப்பைப் பார்த்தார், போனைப் பார்த்தார், எழுந்து தாமே கதவைத் திறந்தார்.

"நாளைக்கு வரட்டும். அட்டையை எடுத்து வைக்கச் சொல்றேன். நாளன்னைக்கு என்னன்னு அப்புறம் பாப்போம்."

துரை எதற்கும் காத்திராமல் வெறுங்காலோடு வெளியேறினான்.