தைத்ததே தப்பாகிப்போன ஜாக்கெட்

அந்த ஜாக்கெட்டைத் தைத்தது அவள் செய்த தப்பு. அதைவிடப் பெரிய தப்பு, அவ்வளவு நன்றாகத் தைத்தது.

தெருவில் அவளுக்கு ஊசியம்மா என்று பேர். கிழிந்த துணியைக் கொடுத்தால், கிழிசல் எங்கே இருந்தது என்று கொடுத்தவருக்கே தெரியாது. கணவன் கூரியர் கம்பெனியில் பைக் ஓட்டுகிறவன். போன மாதம் முன்னால் போன லாரி சட்டென்று திரும்ப, பைக் சாய்ந்து, தார் ரோட்டில் இருபதடி தேய்ந்துகொண்டே போனான். இடது முழங்கை எலும்பு நொறுங்கியது. ஆனால் தோலில் ஒரு சிராய்ப்பு கிடையாது. தேய்ந்ததெல்லாம் அவன் போட்டிருந்த தடித்த பைக் ஜாக்கெட்தான். ஆஸ்பத்திரி நர்ஸ் அதைக் கத்தரியால் வெட்டிக் கழற்றி, பையில் சுருட்டி அவளிடம் கொடுத்தாள்.

தலை அதிர்ந்ததில் அவன் கண் திறக்காத மூன்று நாளும் அவள் அழுதுகொண்டே அதைத் தைத்தாள். தைத்து முடித்தால் எழுந்து வந்துவிடுவான் என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு. உள்மடிப்பிலிருந்து துணி எடுத்து ஒட்டுப் போட்டு, துவைத்து, இஸ்திரி வேறு போட்டு வைத்தாள்!

அவன் எழுந்துதான் வந்தான். ஆனால் ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கிளெய்ம் போட்டபோது, இன்சூரன்ஸ் அதிகாரி வீட்டுக்கு வந்து ஜாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதைப் போட்டுக்கிட்டா விழுந்தாரு? கடையில இருந்து இப்பத்தான் வந்த மாதிரி இருக்கே" என்றார். அவள் சொன்னது எதுவும் அவர் காதில் ஏறவில்லை. அடுத்த வாரமே கடிதம் வந்தது: பாதுகாப்பு உடை அணியவில்லை, கிளெய்ம் கிடையாது.

"அண்ணி, உங்க கையை வெச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியாதா?" என்று நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள்.

இந்த மாதத்துக்குள் இரண்டாவது ஆபரேஷன் நடக்காவிட்டால் இடது கை விரல்கள் மடங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். விரல் மடங்காதவன் கிளட்சை எப்படிப் பிடிப்பான்? அவள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் ஜாக்கெட்டையும் ஒரு பிளேடையும் பையில் போட்டுக்கொண்டு, கணவனை இழுத்துக்கொண்டு, நேரே அதிகாரியின் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள்.

"நான்தான் பார்த்துட்டேனேம்மா. ஒரு கீறல் இல்லை."

"இருக்கு சார். நான் தைச்சு மறைச்சுட்டேன்."

"அப்படியா? எங்கே தைச்சிருக்கீங்க, காட்டுங்க."

"நீங்களே கண்டுபிடிங்க."

அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. அந்த நேரத்திலும் அவளுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் கர்வமாக இருந்தது.

பிளேடை எடுத்தாள். முழங்கையில் நாலு தையல்தான் பிரித்தாள். ஒட்டுத்துணி மேலே எழும்பியது. பழைய துணியை வெட்டி எறிகிற பழக்கம் அவளுக்கு என்றைக்கும் கிடையாது. அடியில் வைத்துத்தான் தைப்பாள். அடியில் துணி அரைபட்டு நூல் நூலாகக் கிடந்தது. இடுக்கில் தார். அதை எந்தச் சோப்பும் அசைக்கவில்லை.

அதிகாரி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "ரோட்டுல போட்டுத் தேய்ச்சுக்கூட இப்படிப் பண்ணலாமேம்மா."

"பண்ணலாம் சார்." அவள் மணிக்கட்டிலிருந்து தோள்வரை ஒரே நீளமாகப் பிரித்துக்கொண்டே போனாள். ஜாக்கெட்டின் கை இரண்டாகப் பிளந்தது. வெட்டு, தார்க்கறையின் நடுவிலேயே போயிருந்தது. பாதிக் கறை இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். "உங்க ஃபைல்ல ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கும். படிங்க."

அவர் புரட்டினார். "இடது கை உடை, மணிக்கட்டிலிருந்து தோள்வரை வெட்டி அகற்றப்பட்டது..." குரல் இறங்கியது. "நான் சட்டைன்னுல்ல நினைச்சேன்."

"தார் முதல்ல பட்டிருக்கு, கத்தரி அப்புறம் போயிருக்கு. இதைப் போட்டுக்காம விழுந்திருந்தா, நர்ஸ் எதை சார் வெட்டினாங்க?"

அவர் சீட்டை ஜாக்கெட்டின் பக்கத்தில் வைத்து இன்னொரு தடவை பார்த்தார். பிறகு ஜாக்கெட்டைப் படம் எடுத்தார், கடிதத்தைக் குறுக்கே அடித்தார், முழு கிளெய்முக்கும் கையெழுத்துப் போட்டார். "மன்னிச்சுக்கங்கம்மா. இவ்வளவு நல்ல வேலையைப் பிரிக்கவெச்சுட்டேன்."

"பரவாயில்லை சார். திரும்பத் தைச்சுக்குவேன்."

"ஐயோ, தாயே!" என்று கத்தினான் கணவன். ஆபீசே சிரித்தது.

ஆபரேஷன் முடிந்து மூன்றாம் மாதம், கம்பெனி கொடுத்த புது ஜாக்கெட்டோடு அவன் வாசலில் நின்றான். ஜிப்பைப் போட்டுவிட அவள் கை நீட்டினாள்.

"விடு" என்றான். இடது கை விரல்களை மடக்கி, ஜிப்பைப் பிடித்து, கழுத்துவரை அவனே இழுத்து மூடினான்.