நெற்றியைத் தூக்கிக் கட்டிய கதை

டாக்டர்களை நான் நம்புவதில்லை. ஆனால் அன்று காலை வாய் கொப்பளித்தால் தண்ணீர் இடது பக்கமாகத் தானே ஒழுகியது. கண்ணாடியில் பாதி முகம் தொங்கிக் கிடந்தது. என் பெண்சாதி ராசம்மாள் என்னை மலையிறங்கும் சேந்தமங்கலம் பஸ்ஸில் ஏற்றித் தானும் ஏறினாள்.

"நாளைக்குப் பேத்திக்குக் காதுகுத்து. தாய்மாமன் இல்லாத புள்ள, உங்க மடியிலதான் உக்காரோணும். ஆஸ்பத்திரியிலயே படுத்துக்காதீங்க."

நானா படுப்பேன்?

ஆஸ்பத்திரி பெஞ்சில் இருந்த முருகானந்தம் என்ற லாரிக்காரர் காதோடு சொன்னார்: "ஏனுங்க, நெத்தியத் தூக்கச் சொல்லுவாங்க. ஏறலைன்னா பெட்டுதானுங்க."

தூக்கிப் பார்த்தேன். இடது பக்கம் அசையவே இல்லை. குழாயடிக்குப் போய், இடது புருவத்தை விரலால் மேலே தள்ளிப் பிடித்து, துண்டால் தலைக்கட்டு இறுக்கிக் கட்டினேன். இப்போது இடது நெற்றியிலும் அருமையான சுருக்கம்.

டாக்டர் சங்கீதா சின்னப் பெண். பல்லைக் காட்டச் சொன்னது. வலது பக்கப் பல்தான் தெரிந்தது. கன்னத்தை ஊதச் சொன்னது, புஸ்ஸென்று போனது. நெற்றியைத் தூக்கச் சொன்னது. வலது பக்கத்தையும் ஏற்றிக்கொண்டு பெருமையாக உட்கார்ந்தேன்.

அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது. "நெத்தி ரெண்டு பக்கமும் ஏறுது, வாய் மட்டும் கோணுது. மூளையில அடைப்பா இருக்கலாம். ஆம்புலன்ஸ்ல சேலம் போயி ஸ்கேன் எடுக்கணுங்க."

"நெத்தி ஏறுனா நல்லதுதான அம்மிணி?"

"இல்லீங்க. அதுவும் ஏறாட்டித்தான் முக நரம்போட போச்சுன்னு மாத்திரை குடுத்து ஊட்டுக்கு அனுப்புவோம்."

"அடச் சாமி!" குழாயடியில் எல்லாம் பார்த்திருந்த ராசம்மாள் எழுந்து துண்டை ஒரே இழுப்பாக இழுத்தாள். புருவம் கண்மேல் பொத்தென்று விழுந்தது.

டாக்டர் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நர்ஸும் சிரித்தாள். எனக்கும் அடக்க முடியவில்லை. பாதி வாயால் சிரித்தேன்.

மறுபடி எல்லாம் செய்யவைத்தது. இடது கண் முழுசாக மூடவில்லை. "முகம் எவ்வளவு விழுந்துச்சுன்னு ஆறு படி வெச்சிருக்கோம். உங்களுக்கு ஆறுக்கு நாலுங்க."

"பாஸா?"

"இதுல கொறைய எடுத்தாத்தான் பாஸு. காப்பியடிச்சதுக்கு உங்களைப் பெயிலாக்கணும்!"

மாத்திரையும் கண்ணுக்குச் சொட்டு மருந்தும் வாங்கிக்கொண்டு கடைசி பஸ்ஸில் மலையேறினோம்.

மறுநாள் பேத்தி ரஞ்சிதா என் மடியில். ஆசாரி ஊசியை எடுத்ததும் எனக்குத்தான் பயம், பல்லைக் கடித்தேன். முகம் ஒரே பக்கமாக ஓடியது. அண்ணாந்து பார்த்த புள்ள கெக்கெக்கே என்று சிரித்தது. சிரித்து முடிப்பதற்குள் ஒரு காது முடிந்தது.

ஆசாரி மறு காதைப் பிடித்தார்.

"அப்புச்சி, இன்னொருக்கா!"