பத்தொன்பது ஓட்டு

தேர்தல் வைக்கலாம் என்று சொன்னவன் ஹேமநாத்தான். வேறு எவனுக்கும் அந்தப் புத்தி வந்திருக்காது. கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்ட்ரல் போகிற மின்சார ரயிலின் கடைசிப் பெட்டியில் தொங்கிக்கொண்டு கல்லூரிக்குப் போகிற பையன்கள் முப்பத்து மூன்று பேர். அவர்களில் பி.ஏ. அரசியல் அறிவியல் எடுத்து, எடுத்த பாவத்துக்குப் புத்தகத்தையும் திறந்து பார்க்கிறவன் அவன் ஒருத்தன்தான். பழவேற்காட்டுப் பக்கம் வலை இழுக்கிற குடும்பத்தில் முதல் பட்டதாரி ஆகப்போகிறவன். படிப்பதை எல்லாம் நம்பினான்.

அந்தப் பெட்டிக்கு ஒரு ராஜா உண்டு. ரூட்டு தல என்பார்கள். மூன்றாம் ஆண்டுக்காரன் ஒருவன் தலயாக இருப்பான். படிப்பு முடிந்து போகும்போது தனக்கு வேண்டியவனிடம் ரூட்டைக் கொடுத்துவிட்டுப் போவான். இந்த வருஷத் தல ஜெகன். ரயில் கிளம்பும்போது படியில் தொங்கியபடி பட்டாக்கத்தியைப் பிளாட்பாரத்தில் தேய்த்துக்கொண்டே போவான். நெருப்புப் பொறி பறக்கும். பையன்கள் விசில் அடிப்பார்கள். அதுதான் அவனுடைய ஆட்சி.

அந்த ஆட்சிக்கு வரியும் உண்டு. ஜெகனுக்குப் பதினோரு அரியர். அசைன்மென்ட்டை எல்லாம் கையால் எழுதித்தான் தர வேண்டும், ஜெராக்ஸ் செல்லாது என்று அவன் கல்லூரியில் கறாராகச் சொல்லியிருந்தார்கள். அதனால் ரூட்டில் வருகிற ஒவ்வொருவனும் வாரத்துக்கு நாலு பக்கம் ஜெகனுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். ஹேமநாத் மட்டும் இறையாண்மை பற்றி நாற்பது பக்கம் எழுதியிருக்கிறான்.

ஆடி மாசத்தில் திருவள்ளூர் ரூட்டுக்காரர்களோடு சென்ட்ரலில் வெட்டுக்குத்து நடந்தது. ஆரம்பித்தது ஜெகன். விரல் போனது பென்னிக்கு. முதலாம் ஆண்டுப் பையன். வலது கையின் கடைசி இரண்டு விரலும் தண்டவாளத்தில் கிடந்தன. அதற்குப் பிறகு பெட்டியில் முணுமுணுப்பு. எவனுக்கும் வாய்விட்டுச் சொல்லத் தைரியம் இல்லை. தணிகைவேல் மட்டும் சொன்னான். கவரைப்பேட்டைப் பக்கம் நெல் போடுகிற வீட்டுப் பிள்ளை, லீவு நாளில் தேர்வாய் கண்டிகை கம்பெனியில் மூட்டை அடுக்குகிறவன், ஹேமநாத்துக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகிதன்.

"கத்தி இல்லாம ஒரு நாளு போய் வரலாமே தல? இன்னா கொறஞ்சிடும்?"

 ஜெகன் பார்த்த பார்வையைப் பக்கத்தில் நின்ற ஹேமநாத் கவனித்தான். இன்றைக்கோ நாளைக்கோ தணிகையை வெட்டிவிடுவான் என்று பயந்தவன், மறுநாளே ஜெகனிடம் போய்த் தன் பாடத்தை அவிழ்த்தான்.

"தல, முணுமுணுக்கறானுங்க பாரு. ஒரு எலெக்‌ஷன் வெச்சிடு. நீதான் ஜெயிப்ப. அப்புறம் எவனும் வாயத் தொறக்க முடியாது. ஜனங்க ஒத்துக்கினாதான் அதிகாரம் நிக்கும், புக்குலயே போட்டுக்குது."

ஜெகனுக்கு அது இனித்தது. ஓட்டு வாங்கிய தல என்றால் சும்மாவா! வரலாற்றிலேயே எந்த ரூட்டிலும் இல்லாத பெருமை.

அந்தப் பக்கம் தணிகையிடம் வேறு பாட்டு. "நீ நில்லு மச்சான். பாதிப் பேருக்கு மேல உன் பக்கம்தான் இருக்கானுங்க. ரகசிய ஓட்டு. எவன் எவனுக்குப் போட்டான்னு கடவுளுக்குக்கூடத் தெரியாது. என் ஓட்டு உனக்குத்தான்."

தணிகைக்கு விருப்பமே இல்லை. ஆனால் ஹேமநாத் சொன்னால் சரியாக இருக்கும் என்று நினைக்கிற பழக்கம் அவனுக்கு உண்டு. நின்றான்.

திரும்பி வருகிற ரயிலில் தேர்தல் நடந்தது. வேட்பாளர்கள் இருவருக்கும் ஓட்டு இல்லை. மீதி முப்பத்தொரு பேருக்கும் உண்டு என்று ஹேமநாத் விதி வகுத்தான். நோட்டுத் தாளைச் சமமாகக் கிழித்து ஆளுக்கொரு சீட்டு கொடுத்தான். வேண்டிய பெயரை எழுதி, மடித்து, மிக்சர் டப்பாவில் போட வேண்டும். படித்த முட்டாள்! பெயரைத் தானே எழுதிவைத்து டிக் அடிக்கச் சொல்லியிருந்தால் போதும், எல்லோரும் பிழைத்திருப்பார்கள். கைப்பட எழுதச் சொன்னான். இந்த முப்பத்தொரு கையெழுத்தும் வாரம் தவறாமல் ஜெகனின் பைக்குள் போய்க்கொண்டிருப்பது அவன் மண்டைக்கு எட்டவில்லை.

கடைசியாகத் தன் சீட்டை எடுத்தான். எதிர் சீட்டில் ஜெகன் உட்கார்ந்து அவனையே பார்த்துச் சிரித்தான். கத்தி அவன் தொடை மேல் இருந்தது. ஹேமநாத்தின் கை தானாகவே 'ஜெகன்' என்று எழுதியது. ஒரு ஓட்டுதானே, தணிகை எப்படியும் ஜெயிப்பான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு மடித்துப் போட்டான். கோழைத்தனத்துக்கு எப்போதும் கையில் ஒரு கணக்கு இருக்கும்.

தணிகைவேல் பத்தொன்பது. ஜெகன் பன்னிரண்டு.

ஹேமநாத் எண்ணிச் சொன்னதும் எல்லோரும் ஜெகனைப் பார்த்தார்கள். ஜெகன் எழுந்து தணிகையைக் கட்டிப் பிடித்து, "இனிமே நீதான் தல" என்றான். டப்பாவை மட்டும் ஞாபகமாக எடுத்துக்கொண்டு போனான்.

மறுநாள் காலை பொன்னேரியில் ரயில் ஏறிய உடனே ஹேமநாத்துக்குத் தெரிந்துவிட்டது. கடைசிப் பெட்டியில் வேறு பயணிகள் ஒருத்தரும் இல்லை, விரட்டியிருந்தார்கள். தணிகை நடுவில் நிற்கிறான். அவன் கைகளை மேல் கம்பியோடு சேர்த்துத் துண்டால் கட்டியிருக்கிறார்கள். இரண்டு வாசலிலும் ஜெகனின் ஆட்கள் கத்தியோடு. ஜெகன் சீட்டில் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறான். ஒரு பக்கம் அசைன்மென்ட் தாள்கள், இன்னொரு பக்கம் ஓட்டுச் சீட்டுகள்.

ஹேமநாத்தை அருகில் இழுத்துக் காதில் சொன்னான். "உன்னுது பாத்துட்டேன் கண்ணு. நீ நம்ம ஆளு. குந்து."

உட்கார்ந்தான். தணிகைக்குத் தெரியக் கூடாது. அந்த நேரத்தில் அவனுக்கு இருந்த ஒரே வேண்டுதல் அதுதான். சிநேகிதன் உயிர்கூட அவனுக்கு இரண்டாவதாகப் போய்விட்டது. 

ரயில் கிளம்பியது. ஜெகன் ஒரு சீட்டையும் ஒரு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினான்.

"இந்த 'த'வைப் பாரு, கொக்கி மாதிரி. அன்புராஜ், உன்னுதுதான? வா. நீ போட்ட ஓட்டுக்கு ஒரு அடி. இவன் மூஞ்சில போடு. இதுதான் மறு எலெக்‌ஷன்."

அன்புராஜ் நகரவில்லை. வாசலில் நின்ற எட்வர்ட் கத்தியின் முதுகால் அவன் முட்டியில் ஒரு போடு போட்டான். எலும்பு சத்தம் போட்டது. அன்புராஜ் நொண்டிக்கொண்டே போய்த் தணிகையின் கன்னத்தில் அறைந்தான்.

"தடவிக் குடுக்கறியா? இன்னொரு முட்டியும் போவணுமா?"

"இல்ல தல, இல்ல." இந்த முறை குத்தினான். தணிகையின் உதடு கிழிந்தது.

"முதல் அடி செல்லாது. இதான் ஒண்ணு" என்றான் ஜெகன்.

பத்தொன்பது பேர், பன்னிரண்டு பேருக்குப் பயந்தார்கள். அந்தப் பன்னிரண்டிலும் கத்தி இருந்தது ஐந்து பேரிடம்தான். பெரும்பான்மை என்று புத்தகத்தில் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பெட்டிக்கு ஒருநாள் வந்து பார்த்துவிட்டு எழுதியிருக்கலாம். இரண்டாமவன் வந்தான், மூன்றாமவன் வந்தான். ஐந்தாவது அடியில் மூக்கு உடைந்தது. எட்டாவதில் ஒரு பல் தெறித்து ஹேமநாத்தின் செருப்பருகில் விழுந்தது. அனுப்பம்பட்டில் ரயில் நின்றபோது பிளாட்பாரத்தில் மீன் கூடையோடு நின்ற ஒரு அம்மா உள்ளே எட்டிப் பார்த்து, "அடப் பாவிங்களா, புள்ளய கொல்றானுங்களே!" என்று அலறினாள். எட்வர்ட் கத்தியை உயர்த்திக் காட்ட, அவள் கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள்.

பென்னியின் முறை வந்தது. வலது கையில் கட்டு. "நான் இடது கையில அடிக்கறேன் தல" என்று கெஞ்சினான்.

"எழுதன கை எது?"

பென்னி கட்டுப் போட்ட கையால் அடித்தான். தையல் விட்டு ரத்தம் கசிந்தது, தணிகையின் முகத்தில் இருந்த ரத்தத்தோடு கலந்தது. அடி வாங்கியவன் கத்தவில்லை, அடித்தவன்தான் கதறினான்.

பத்தொன்பதாவது ஆள் வயிற்றில் எட்டி உதைத்தான். தணிகையின் கால்கள் மடங்கி, கட்டிய கைகளில் உடம்பு தொங்கியது.

"முடிஞ்சிது" என்று ஜெகன் சீட்டுகளை ஜன்னல் வழியே வீசினான். "எலெக்‌ஷன் செல்லாது."

தணிகை தலையைத் தூக்கினான். ஒரு கண் மூடிப்போயிருந்தது. திறந்த கண் நேராக ஹேமநாத்தைப் பார்த்தது. மற்றவர்களும் ஹேமநாத் பக்கம் திரும்பினார்கள். தணிகைக்கு ஓட்டுப் போட்ட எல்லோரும் எழுந்து போய் வந்துவிட்டார்கள், இவன் மட்டும் ஏன் உட்கார்ந்தே இருக்கிறான்? பென்னியின் முகத்தில் அந்தக் கேள்வி உருவாவதை ஹேமநாத் பார்த்தான்.

எழுந்தான். இரண்டு எட்டில் நடுவுக்குப் போய், தன் பலம் முழுவதையும் சேர்த்துத் தணிகையின் தாடையில் குத்தினான். மற்ற எல்லோர் அடியையும்விட அது பலமாக விழுந்தது. தணிகையின் தலை கம்பியில் மோதி, நெற்றி பிளந்தது.

ஒரு நொடி ஜெகனுக்கே புரியவில்லை. புரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். ஆனால் ஹேமநாத்தின் சீட்டைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை.

மீஞ்சூரில் துண்டை அறுத்து, தணிகையைப் பிளாட்பாரத்தில் உதைத்துத் தள்ளினார்கள். ஹேமநாத் பின்னாலேயே குதித்தான். வேறு யாரும் இறங்கவில்லை. ரயில் போய்விட்டது.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் ஹேமநாத் அழுதான். தோளில் கை போட்டுத் தாங்கிக்கொண்டான். "என்னை மன்னிச்சிடு மச்சான். அடிக்கலைன்னா வெட்டியிருப்பானுங்க. நாங்க எல்லாரும் அப்பிடித்தான..."

 தணிகை வாயில் ஊறிய ரத்தத்தை வெளியே துப்பிவிட்டு, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான்.

"எண்ணிக்கினே இருந்தன்டா. எண்ணுனா வலி தெரியாதுன்னு."

"பேசாத மச்சான்."

"மொத்தம் இருவது பேரு."

ஆட்டோ பள்ளத்தில் இறங்கி ஏறியது. ஹேமநாத்தின் அழுகை நின்றுவிட்டது.

"ஓட்டு பத்தொம்போதுன்னு நீதான எண்ணிச் சொன்ன?"

தணிகைவேல் தன் தோளில் இருந்த கையை மெல்ல எடுத்து, அவன் மடியிலேயே வைத்தான்.