விட்டுத் தைத்த துணி

ராயபுரத்தில் பதுருன்னிசா வீட்டுக்கு வளர வந்த நவ்ரீன் என்ற ஆறு வயதுப் பெண் குழந்தை ஒரு வருடம் முழுக்க ஒரு நூலளவுகூட வளரவில்லை. நகம் வளர்ந்தது, முடி வளர்ந்தது, முன்பல் விழுந்து புதுப்பல்லும் முளைத்தது. ஆள் மட்டும் வந்த அன்று நின்ற உயரத்திலேயே நின்றாள். அந்த வருடம் தக்காளி விலை பலமுறை ஏறி இறங்கியது, பீச் ரோட்டில் ஒரு பக்கம் தார் போட்டு மறுபக்கம் தோண்டினார்கள், பக்கத்து வீட்டு ஜெரியின் ஆட்டுக்குட்டி கிடாவாகிப் பிரியாணியும் ஆயிற்று. நவ்ரீன் அப்படியே இருந்தாள். தெருவாசிகள் முதலில் வாயைப் பிளந்தார்கள், அப்புறம் அவரவர் பிழைப்பைப் பார்க்கப் போனார்கள்.

பெற்றவர்கள் இல்லாத பிள்ளை. குழந்தைகள் நலக் குழுவில், இப்போதைக்கு ஒரு வருடம் வைத்திருங்கள், பிறகு பார்க்கலாம் என்று சொல்லித்தான் ஒப்படைத்திருந்தார்கள். மகன் தவ்ஃபீக்குக்குப் பிறகு இன்னொன்று வேண்டும் என்று துஆ கேட்டு ஓய்ந்துபோயிருந்த பதுருன்னிசாவுக்கு, அது இப்படி வாசல் வழியாக ஒரு துணிப்பையோடு நடந்து வந்தது. நவ்ரீன் இடியாப்பத்தில் பாதியைத் தின்றுவிட்டு மீதியைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைப்பாள். யாரும் அதட்டவில்லை. எறும்பு வந்ததும் பதுருன்னிசா ஒரு மூடி போட்ட டப்பாவைத் தலைமாட்டில் வைத்தாள், அவ்வளவுதான். தவ்ஃபீக் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே கட்டிலை விட்டுக்கொடுத்தான். கணவர் ஹபீபுல்லா கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். துறைமுக வாசலுக்குப் போகும் எண்ணூர் ரோட்டு வரிசையில் நாள் கணக்கில் நின்றுவிட்டு வரும்போது, அவர் பாக்கெட்டில் குழந்தைக்கென்று கடலை மிட்டாய் நசுங்கிக் கிடக்கும்.

எலும்பு சூப், முட்டை, நண்டு என்று கொடுத்துப் பார்த்தார்கள். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து, ஒரு குறையும் இல்லை என்றார். குழுவிலிருந்து மாதம் தவறாமல் வந்து பார்க்கும் பூவம்மா நல்ல மனுஷி. குழந்தையைச் சுவரோரம் நிறுத்தி அளந்து பார்த்து உதட்டைப் பிதுக்குவாள். ஒருநாள் செருப்பை மாட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: “புள்ள வளரலன்னா வேற வூட்ல வெச்சுப் பாக்கலாமான்னு பேசிக்கினு கீறாங்கம்மா. அடுத்த மாசம் வருவேன். எதுனா பண்ணு.” அன்றைக்குப் பதுருன்னிசா சோறு தின்னவில்லை. இந்தப் பிள்ளையை அனுப்பிவிட்டு இந்த வீட்டில் எப்படி மூச்சு விடுவது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

பதுருன்னிசா வண்ணாரப்பேட்டைக் கடைகளுக்குக் கவுனும் நைட்டியும் தைத்துக் கொடுப்பவள். அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கடைக்குப் போகும் துணியில் ஓரம் மடிக்கிற அளவுக்குத்தான் துணி விடுவார்கள். வீட்டுப் பிள்ளைகளுக்குத் தைப்பதென்றால் கீழே நாலு விரல் உள்ளே மடித்துத் தைப்பார்கள், வளர வளரப் பிரித்து விடலாம் என்று. நவ்ரீனுக்கு அவள் தைத்த கவுன் ஒன்றில்கூட அந்த மடிப்பு இல்லை. ஒரு வருடத்துக்கு வந்த பிள்ளை, விட்டுத் தைத்தால் ஆசை வைத்ததாகிவிடும், நாளைக்குக் கூட்டிப்போனால் மனசு தாங்காது என்று உள்ளே கிடந்த பயத்தில் கை தானாகக் கச்சிதமாக வெட்டியது. அப்படிச் செய்கிறோம் என்பதே அவளுக்கு உறைக்கவில்லை.

பள்ளிக்கூடம் திறக்கும் முன் தவ்ஃபீக்கின் பேண்ட் மடிப்பைப் பிரித்து இறக்கித் தைத்துக்கொண்டிருந்தாள். நவ்ரீன் பக்கத்தில் உட்கார்ந்து நூலைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

“அண்ணன் பேண்ட்ல உள்ள துணி கீது. என் கவுன்ல ஏன் ஆன்ட்டி இல்ல?”

பதுருன்னிசா அவள் கையிலிருந்த நூலை வாங்கி வைத்தாள்.

“கடைக்குப் போற துணிக்குத்தான வுடமாட்ட? அப்ப நானும் போவணுமா?”

பதுருன்னிசா பேண்ட்டைக் கீழே போட்டுவிட்டுக் குழந்தையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு அழுதாள். “எங்கயும் போவ வேணாம்டி என் கண்ணு” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அழுத கையோடு தன் புதுச் சுடிதார் துணியை எடுத்து வெட்டி, கீழே நாலு விரல் உள்ளே மடித்து ஒரு கவுன் தைத்தாள். நவ்ரீன் அதைப் போட்டுக்கொண்டே தூங்கினாள். காலையில் மடிப்பின் தையல் தானாகப் பிரிந்து துணி முழுக்க இறங்கியிருந்தது. கவுன் முழங்காலுக்குச் சரியாக நின்றது. பிள்ளை நாலு விரல் வளர்ந்திருந்தாள்.

சந்தோஷத்தில் பதுருன்னிசாவுக்குத் தலைகால் புரியவில்லை. பெருநாள் கவுனுக்கு ஒரு முழம் விட்டு மடிக்கப் போனவளை ஹபீபுல்லா ஓடிவந்து தடுத்தார். “பதுரு, புள்ளைய லைட்டுக் கம்பம் ஆக்கிடாத. பள்ளிக்கூடத்துல எந்த பெஞ்சில குந்த வெப்பாங்க?” பூவம்மா வந்து டேப்பை ஒருமுறைக்கு இருமுறை பிடித்துப் பார்த்தாள். விஷயத்தைக் கேட்டாள், டீ குடித்தாள். “தையலுக்கெல்லாம் கணக்கு காட்ட முடியாது, நல்லா வளந்துகீதுன்னு சொல்லிக்கிறேன்” என்று எழுந்து போனாள். குழு பிள்ளையை அங்கேயே விட்டது, அடுத்த வருடமும், அதற்கடுத்த வருடமும். ஒவ்வொரு முறையும் பதுருன்னிசா தர்காவில் சர்க்கரை வைத்து ஓதித் தெருவுக்கெல்லாம் கொடுத்தாள். போலீஸ் வேலைக்குத் தன் மகனுக்கு உயரம் போதவில்லை என்று ஜெரி பேண்ட் துணியோடு வந்து நின்றான். தைத்தும் கொடுத்தாள். பேண்ட் மட்டும்தான் இறங்கித் தெருவைப் பெருக்கியது, பையன் வளரவில்லை. ஜெரி கோபித்துக்கொள்ளவில்லை, மகனைத் தன்னோடு மீன்பிடிப் படகுக்குக் கூட்டிப்போனான்.

நவ்ரீன் அவளை ஆன்ட்டி என்று கூப்பிடுவதை எப்போது விட்டாள் என்று வீட்டில் யாருக்கும் நினைவில்லை. பன்னிரண்டு வயதில் மிஷினில் உட்கார்ந்து, வளர்த்தவளுக்குத் தானே ஒரு நைட்டி தைத்துக் கொடுத்தாள். பதுருன்னிசா அதைப் புரட்டிப் பார்த்தாள். கீழே நாலு விரல் உள்ளே மடித்திருந்தது.

“இன்னாடி இது? இந்த வயசுல நான் எங்க வளரப்போறேன்?”

“இருக்கட்டும்மா. நீயும் எங்கயும் போவக்கூடாது.”

பதுருன்னிசா அதை வாங்கிப் போட்டுக்கொண்டாள். மறுநாள் காலை, சமையலறை மேல் பலகையில் இருந்த சீனி டப்பாவை ஸ்டூல் போடாமல் எடுத்து, எல்லோருக்கும் டீ போட்டாள்.