வியாழக்கிழமைச் சந்திப்பு

இத்தாலியில், போர்கோ வெக்கியோ என்ற பகுதியில், சந்தைக்குப் பின்னால் இருக்கும் ஒழுங்கையில், பங்குக் கோவில் விட்டுக்கொடுத்த கீழ்வீடு ஒன்றில் சிநேக இல்லம் நடந்துவந்தது. பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க வருபவர்கள், டொக்டரிடம் கூட்டிப்போக ஆள் தேடி வருபவர்கள், அரிசி பருப்புப் பொதிக்கு வருபவர்கள் என்று கதவடியில் எப்போதும் சனம் நிற்கும். அவர்களுக்கெல்லாம் மொழிபெயர்ப்பவள் அகஸ்ரீனா. கடுகடுத்த அதிகாரிகள் முன்னால் நின்று கதைக்கவும் அவள் தயங்கியதில்லை. ஆனால் வியாழக்கிழமை வந்தால் மட்டும் காலையிலேயே அவளுக்கு மனம் கனத்துவிடும். அன்று பின்னேரம்தான் உள்ளறையில் கிருசாந்தினி தன் மகளைச் சந்திப்பாள்.

கிருசாந்தினி மன்னார்ப் பெண். புருஷன் வேலை தேடிப் பிரான்சுக்குப் போய், அங்கேயே இன்னொருத்தியோடு குடும்பமாகிவிட்டான். அதோடு இவளுக்கு மனம் குழம்பிப்போயிற்று. நடைபழகி முடித்திருந்த மகள் மார்த்தினாவை அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போகத் தொடங்கினாள். ஒருநாள் பிள்ளை பல்கனியில் நின்று கத்தி அழுததைக் கண்டு எதிர்வீட்டுக்காரி பொலிசுக்கு அறிவித்தாள். பிள்ளையை எடுத்துப்போனவர்கள், நகரத்துக்கு வெளியே கடற்கரைப் பக்கம் ஒரு இத்தாலியக் குடும்பத்திடம் வளர்க்கக் கொடுத்தார்கள்.

பிறகு தாய் மருந்தெடுத்துத் தேறினாள். ஒரு கிழவியைப் பராமரிக்கும் வேலை கிடைத்து, அந்த வீட்டிலேயே தங்கினாள். சுகமும் நிலையான வேலையும் இருந்தால் பிள்ளை திரும்பி வரலாம் என்று நீதிமன்றத்தில் சொல்லியிருந்தார்கள். அந்த நம்பிக்கையில் வருஷங்கள் ஓடின. மார்த்தினாவுக்கு ஏழு வயதாகிவிட்டது. தமிழ் அடியோடு மறந்துபோயிற்று.

கிருசாந்தினியிடம் இருந்ததோ வேலைவீட்டு இத்தாலியன். வீட்டுக்காரியோடு மரியாதையாகக் கதைக்கிற மாதிரி மட்டும்தான் அவளுக்குத் தெரியும். இல்லத்தில் நடந்த முதல் சந்திப்பில் மகளைப் பார்த்து, "நீங்கள் சாப்பிட்டீர்களா?" என்று அந்தப் பாஷையில் கேட்டாள். தனக்குப் பின்னால் பெரியவர்கள் யாராவது நிற்கிறார்களா என்று பிள்ளை திரும்பிப் பார்த்தது. அதற்குப் பிறகு அவள் தமிழில் கேட்பதும் அகஸ்ரீனா இத்தாலியனில் சொல்வதுமாகச் சந்திப்புகள் போயின. பள்ளிக்கூடம் எப்படி என்றால் நல்லம். சாப்பாடு எப்படி என்றால் நல்லம். மேலே கேட்க ஒன்றும் இல்லாமல், தாய் பிள்ளையின் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒக்டோபரில் ஒரு வியாழன், பிள்ளையைக் கூட்டிவரும் சமூகசேவை அலுவலர் றொசால்பா யாரோடோ போனில் கதைக்க வெளியே போனார். நிறந்தீட்டிக்கொண்டிருந்த மார்த்தினா பென்சிலை வைத்துவிட்டு அகஸ்ரீனாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"நொன் வோல்யோ பியூ வெனீரே," என்றாள். இனி இங்கே வர எனக்கு விருப்பமில்லை. வியாழக்கிழமையில் டான்ஸ் வகுப்பு இருக்கிறது, எல்லாப் பிள்ளைகளும் போகிறார்கள், இந்த சிஞ்ஞோராவுக்கு அதைச் சொல்லுங்கள் என்று கெஞ்சுவதுபோலச் சொன்னாள். பெற்றவளை அவள், யாரோ ஒரு வேற்றுப் பெண்ணைச் சொல்வதுபோல, சிஞ்ஞோரா என்றாள்.

"என்னவாம் அக்கா?" என்று கிருசாந்தினி கேட்டாள்.

"வியாழக்கிழமையில டான்ஸ் வகுப்பாம். அதை விட்டுட்டு வாறது கவலையா இருக்காம்."

"அப்ப நாளை மாத்திக் கேப்பம். டான்ஸை ஏன் மறிக்கோணும்?"

அந்த அறையில் அவள் சிரித்ததை அகஸ்ரீனா அன்றுதான் கண்டாள்.

றொசால்பாவிடம் கேட்டபோது, செவ்வாய்க்கிழமைக்கு மாற்ற முயன்று பார்ப்பதாகச் சொன்னார். ஆனால் கிருசாந்தினிக்கு லீவு வியாழன் பின்னேரமும், அலுவலர்கள் வேலைசெய்யாத ஞாயிறும்தான். செவ்வாயில் விடமுடியாது, இஷ்டமில்லாவிட்டால் வேறு ஆளைப் பார்க்கிறேன் என்று கிழவியின் மகன் கையை விரித்தான். அவள் வேலையை விட்டுவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே சிநேக இல்லத்துக்கு வந்தாள். வேலை போனால் வழக்கும் போய்விடுமே என்று அகஸ்ரீனா பதறினாள். உண்மையைச் சொல்லிவிடத்தான் வாயெடுத்தாள். ஆனால் கிருசாந்தினி அதற்குள் பையைத் திறந்து, சந்தையில் வாங்கிய டான்ஸ் சப்பாத்தை வெளியே எடுத்து, அளவு சரியாக இருக்குமா என்று கேட்டாள். இருக்கும் என்றாள் அகஸ்ரீனா. ஸ்தாசியோனே என்கிற ரயில் நிலையத்துப் பக்கம் தெரிந்த குடும்பம் ஒன்றின் வீட்டில் அவளுக்குப் படுக்க இடம் பிடித்துக்கொடுத்தாள். அதற்கு மேல் அன்றைக்கு அவளால் முடியவில்லை.

சந்திப்புக்கென்று குறித்த செவ்வாய்க்கிழமை றொசால்பா தனியாகத்தான் வந்தார். கதிரையை இழுத்துப்போட்டு, கிருசாந்தினிக்குக் கிட்ட இருந்தார். சந்திப்பு வேண்டாமென்று பிள்ளை உளவியலாளரிடமும் சொல்லியிருக்கிறாள், அதனால் நீதிபதி சந்திப்புகளை நிறுத்திவைத்திருக்கிறார் என்றார். வேலையை விட்டதும் கோப்பில் ஏறிவிட்டது என்பதைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். அகஸ்ரீனா இந்த முறை எதையும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

கிருசாந்தினி அழவில்லை.

"அண்டைக்கும் இதைத்தானே சொன்னவள்?"

"ஓம். எனக்குச் சொல்ல மனம் வரேல்லை, கிருசா."

"எனக்கு விளங்கினது அக்கா. நொன் வோல்யோ எண்டால் எனக்குத் தெரியாதே? கிழவி ஒவ்வொரு கரண்டிச் சோத்துக்கும் அதைத்தான் சொல்லுறவ." அவள் முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டாள். "நீங்கள் வேற மாதிரிச் சொன்னனீங்கள். அதுவே உண்மையா இருக்கட்டும் எண்டு நினைச்சிட்டன்."

என்ன சொல்கிறாள் என்று றொசால்பா கேட்டார். விளங்கிவிட்டதாம் என்றாள் அகஸ்ரீனா.

இல்லத்துக்கு உதவி செய்யும் வழக்கறிஞர் மேன்முறையீடு செய்து பார்த்தார். பலனில்லை. மழைக்காலம் முடிவதற்குள் மார்த்தினாவை அந்தக் குடும்பத்துக்கே தத்துக் கொடுத்துத் தீர்ப்பாயிற்று. கிருசாந்தினி இல்லத்துப் பக்கம் வருவதை நிறுத்தினாள். பிரான்காச்சோவில் மொறிசியசுக்காரப் பெண்கள் சிலரோடு ஒரு அறையில் இருக்கிறாள், அடுக்குமாடிகளில் படி துடைக்கிறாள் என்று கேள்விப்பட்டு, அகஸ்ரீனா பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தாள்.

கோபமாக இருப்பாள் என்று பயந்துதான் போனாள். கிருசாந்தினி தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். மழையைப் பற்றிக் கதைத்தாள். எழும்பும் நேரத்தில், "மருந்தை விட்டிட்டன் அக்கா. சுகமா இருந்து இனி ஆருக்குக் காட்ட?" என்றாள், கடையில் ஏதோ ஒரு சாமான் வாங்க மறந்ததைச் சொல்வதுபோல.

அப்படி விடக்கூடாது, நானே டொக்டரிடம் கூட்டிப்போகிறேன் என்றாள் அகஸ்ரீனா. கிருசாந்தினி மறுக்கவில்லை. ஓம் என்றாள், எந்த நாள் என்றும் கேட்டுக்கொண்டாள்.

அந்த நாளில் அகஸ்ரீனா கிளினிக் வாசலில், அவள் வரும் வழியைப் பார்த்துக் காத்து நின்றாள். உள்ளே கிருசாந்தினியின் பெயரைக் கூப்பிட்டார்கள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை கூப்பிட்டுவிட்டு, அடுத்த ஆளை அழைத்தார்கள்.