வெட்டாத மடிப்பு

1

இந்தக் கதை எனக்கு ஒரு கழுத்துச் சுளுக்கிலிருந்து கிடைத்தது. சுளுக்கு என்னுடையதல்ல. யாருடையது என்பதுதான் கதை.

“டெர்பிஷயரில், மழை ஓய்ந்த ஒரு மாலையில்...” என்று தொடங்கினேன். அடித்துவிட்டேன். டெர்பிஷயரில் மழை ஓய்ந்தது என்றால் மேற்கொண்டு எதை நம்புவீர்கள்? முப்பது வருடம் இங்கிலாந்தின் அந்த மூலையில் ஒரு மாளிகை நூலகத்தைப் பார்த்துக்கொண்டவன் நான். பொய் பழக்கமில்லை. (சின்னதாக உண்டு.)

2

கல்யாணத்தன்று மாளிகைக்காரர் சர் ஆம்ப்ரோஸுக்கு மனைவி கான்ஸ்டன்ஸ் கொடுத்த பரிசு, பாரசீகக் கவிஞர்கள் பலரின் ஆங்கில மொழிபெயர்ப்பு. பழைய பதிப்பு. ஏடுகளின் மடிப்பைக் கத்தியால் வெட்டினால்தான் பக்கம் விரியும். அந்த வேலையை வாசகருக்கே விட்டிருந்தார்கள்.

நாற்பது வருடம், சூப் வரும்போதெல்லாம், “உன் புத்தகத்துல ஒரு வரி” என்று சர் ஒன்று சொல்வார். கான்ஸ்டன்ஸ் அம்மாவின் முகம் சிவக்கும்.

அவர் போனபின், அவர் சொன்னவற்றிலிருந்து கல்லறைக்கு அம்மா தேர்ந்த வரி: “மூன்றாம் நாளும் மழை, நீ இருக்க, கணப்பு எதற்கு?”

கல்தச்சர் ஆக்ராய்ட் தொப்பியைக் கையில் பிடித்தபடி கேட்டார்: “கீழ யார் பேரும்மா செதுக்கணும்?”

கவிஞர் பெயர் பார்க்கப் புத்தகத்தை எடுத்தேன். ஒரு மடிப்புகூட வெட்டப்படவில்லை.

3

“அப்போ நாப்பது வருஷமா புளுகினாரா?” என்றார் அம்மா.

“இல்லன்னா நாப்பது வருஷமா உங்களுக்குக் கவிதை எழுதினார்மா” என்றேன்.

“அவரா? பால்காரருக்குச் சீட்டு எழுதவே ஒரு மணி நேரம் ஆகும்!”

“பாரசீகத்துல மூணு நாள் விடாம மழையா?” என்றார் ஆக்ராய்ட். “இது நம்ம ஊரு மழை மாதிரில்ல இருக்கு.”

“நீ சும்மா இருய்யா.” அம்மா சட்டென்று நிறுத்தினார். “அவருக்கு எப்பவும் கழுத்துச் சுளுக்கு. புத்தகத்தை வெட்டிக் கெடுத்துடாதீங்கன்னு நான்தான் சொன்னேன். கல்யாணத்தன்னிக்கு.”

(மடிப்புக்குள் ஒற்றைக் கண்ணால் எட்டிப் படிக்க முடியும். நானும் முயன்றேன். மூன்று நாள் இடதுபக்கம் மட்டுமே பார்த்து நடந்தேன்.)

4

முடிவு ஒன்று: அம்மா மடிப்பை வெட்டுகிறார், வரி இருக்கிறது. கணவர் உண்மையானவர், கவிதை யாரோ யாருக்கோ எழுதியது.

முடிவு இரண்டு: வரி இல்லை. கணவர் புளுகர்; கவிதை அம்மாவுக்கே...

எதை எழுதினாலும் அம்மாவிடமிருந்து ஒன்றைப் பிடுங்க வேண்டியிருக்கிறது. மனம் வரவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். அம்மா கத்தியை மடிப்பில் வைத்தார். எடுத்தார். புத்தகத்தை முகத்தருகே தூக்கி, கழுத்தைச் சாய்த்து உள்ளே பார்த்தார். ஒவ்வொரு மடிப்பாக. சூப் ஆறிப்போனது. கடைசியில் முகம் சிவந்தது.

“பேரும்மா?” என்றார் ஆக்ராய்ட்.

சொன்னார். அந்தப் பெயர் அடுத்த பக்கத்தில் இருக்கிறது. மடிப்பை நான் வெட்டவில்லை. கத்தி உங்கள் பக்கம்தான் கிடக்கிறது. வெட்ட மனமில்லையென்றால், கழுத்தைக் கொஞ்சம் சாயுங்கள்.