மருந்தறைக்கு யாரும் வரவில்லை

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு, ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்க்கும் அக்கா மாடிப்படிக் கதவுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார். ஏழு மணிக்கு வேலை செய்த கார்டு இப்போது எந்தக் கதவையும் திறக்கவில்லை. நேற்றும் இதே கூத்துதான்; சாயங்காலம்தான் கார்டைத் திறந்து கொடுத்தார்கள்.

வந்து திறந்துவிட்ட செக்யூரிட்டி, போனை நீட்டிக் காட்டினார். 'மருந்தறை. மூன்று முறை மறுப்பு. கார்டு ரத்து.'

"நேத்து போனேன், ஒத்துக்கறேன். பக்கெட் வைக்கிற ரூம்னு நெனச்சு மூணு தடவ தேய்ச்சேன். இன்னிக்கு அந்தப் பக்கமே போகலங்க."

"அப்போ கார்டு மட்டும் கால் மொளச்சு போச்சாக்கும்."

கார்டைத் தானாக ரத்து செய்யும் அந்த ஏற்பாட்டைச் செய்தவன் மூன்றாவது மாடியில் இருந்தான். இந்த ஊருக்கு வந்து ஐந்து மாதம். வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு மாதம் பாக்கி. யார் எந்தக் கதவில் கார்டைத் தேய்த்தாலும் ஒரு வரி பதிவாகும். அவன் எழுதிய புரோகிராம் அந்த வரிகளைப் படித்துக்கொண்டே இருக்கும். ஒரே கார்டு மூன்று முறை மறுக்கப்பட்டால், ரத்து செய்யும் கமாண்டை அதுவே ஓட்டிவிடும். மனிதன் விரலை அசைக்க வேண்டாம். மேனேஜர் முதுகில் தட்டிக்கொடுத்திருந்தார்.

புதன்கிழமையும் அதே எட்டு மணி, அதே செய்தி.

"வெள்ளிக்கிழமைக்குள்ள இன்னொரு தடவ நடந்தா அந்தம்மாவ அனுப்பிடுவோம்," என்றார் மேனேஜர். அவனும் தலையாட்டினான்.

வராந்தாவில் அக்கா மறித்தார். "தம்பி, உன் மெஷின் பொய் சொல்லுது."

"மெஷினுக்கு உங்க மேல என்னக்கா கோவம்?" என்றவனின் கண், அவர் தோளில் தொங்கிய பையின் மேலேயே இருந்தது.

கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று, வியாழக்கிழமை ஏழே முக்காலுக்கே மருந்தறைக்கு எதிரே அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் போய் நின்றான். எட்டு மணி. ஈ காக்கை வரவில்லை. கதவில் சிவப்பு விளக்கு எரியவில்லை. பாக்கெட்டில் போன் மட்டும் அதிர்ந்தது.

'மருந்தறை. மூன்று முறை மறுப்பு. கார்டு ரத்து.'

அவன் மறுபடி கதவைப் பார்த்தான். யாராவது கார்டை நகல் எடுத்துவிட்டார்களா? செக்யூரிட்டியே விளையாடுகிறாரா? ஓடிப்போய்ப் பதிவைத் திறந்தான். மருந்தறைக் கதவில் இன்று ஒரு வரிகூட இல்லை. இந்த வாரம் முழுக்கத் தேடினாலும் மூன்றே மறுப்பு. மூன்றும் திங்கட்கிழமை.

புரிந்துவிட்டது. புரோகிராம் தினமும் எட்டு மணிக்குத் தானே நின்று, தானே தொடங்கும். தொடங்கும்போதெல்லாம் அந்த வாரப் பதிவை முதல் வரியிலிருந்து படி என்று, சோதனை நாட்களில் அவன்தான் சொல்லிவைத்திருந்தான். எடுக்க மறந்துவிட்டான். படிப்பதோடு நின்றால் பாதகமில்லை, நூறு முறை படிக்கலாம். இது படித்ததும் தண்டிக்கிற புரோகிராம். திங்கட்கிழமைத் தப்புக்குத் தினமும் தண்டனை.

ஒரே ஒரு வரியை மாற்றினால் போதும், நாளை எதுவும் நடக்காது. யாருக்கும் தெரியவும் தெரியாது. ஆனால், 'பயந்துபோய் நிறுத்திட்டா' என்றுதானே அக்காவைச் சொல்வார்கள்?

வரியை மாற்றிவிட்டுப் போய், மாடிப்படிக் கதவைத் தன் கார்டால் திறந்து, உள்ளே மாட்டியிருந்த அக்காவிடம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான்.

அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். "நீயும் என்னத் திருடின்னுதானே நெனச்ச?"

"ஆமாக்கா."

"நட மேனேஜர் ரூமுக்கு. நீ முன்னால போ. பின்னால வுட்டா நழுவிடுவ."

மேனேஜர் முழுவதையும் கேட்டார். "யார் வுட்ட தப்பு இது?"

"நான்தான் சார். திங்கட்கிழமைக்கு அப்புறம் அக்கா அந்தக் கதவுகிட்ட போகவே இல்ல."

மேனேஜர் செக்யூரிட்டியைப் போனில் கூப்பிட்டு, அந்தம்மாமேல் எந்தத் தப்பும் இல்லை, கார்டைத் திறந்துவிடு என்றார். பிறகு அவனைப் பார்த்து, "உன் கதைய அடுத்த மாசம் பேசிக்கலாம்," என்றார்.

வெளியே வந்ததும் அக்கா திரும்பினார். "நாளைக்கு எட்டு மணிக்கு வந்து என் பக்கத்துல நில்லு."

"சரி பண்ணிட்டேன்க்கா."

"அத நீ சொல்ற."

வெள்ளிக்கிழமை எட்டு அடித்து ஐந்து நிமிடம். அவன் ஒரு படி கீழே நின்றான். அக்கா கார்டைத் தேய்த்தார். கதவு திறந்தது. அவர் உள்ளே போகவில்லை. அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கதவை இழுத்துச் சாத்தி, மறுபடியும் தேய்த்தார்.